காலை எடுத்தாலும் ரேஸ் இறங்காத கார்

போன வாரம்தான் கிளட்ச் மாற்றினேன். வண்டிக்கு நாலு வயது தாண்டிவிட்டது, ஓடியது அறுபதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பில்லைப் பார்த்த சூடு ஆறுவதற்குள் மச்சினன் போன் செய்தான்: "உங்க வண்டியையே நானும் எடுக்கலாம்னு இருக்கேனுங்க மாமா, எப்படி இருக்குது?" கேட்ட நேரம் சரியில்லை. அவனுக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

1.2 லிட்டர் பெட்ரோல், ஐந்து கியர் மேனுவல், தெருவுக்கு நாலு நிற்கிற வகை. கம்பெனிப் பெயரை இழுக்கவில்லை; இந்தக் குணம் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமில்லை. மைலேஜ், டிக்கி, இடவசதி எல்லாம் ஊருக்கே தெரிந்தவை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: கியர் மாற்றும்போது ரேஸ், அதாவது இஞ்சின் சுற்றும் வேகம், இறங்காது.

முதல் கியரில் 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) வரை இழுத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதித்தால் அதைக் காட்டும் மீட்டர் முள் உடனே சரிய வேண்டும். இதில் அங்கேயே நிற்கும். சில சமயம் நூறு இருநூறு ஏறிக்கூடக் காட்டும். இஞ்சின் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டு நின்று, ஒரு விநாடியோ என்னவோ கழித்துத்தான் இறங்கத் தொடங்கும். கிளம்புகிறேன் என்று எழுந்துவிட்டு, வாசற்படியில் நின்று அரைமணி நேரம் பேசுகிற விருந்தாளி மாதிரி.

ஒரு விநாடிதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். இந்த வகை வண்டிகளில் முதல் கியரின் விகிதம் ஏறக்குறைய 3.5, அதாவது கியர்பாக்ஸிலிருந்து ஒரு சுற்று வெளிவர இஞ்சின் மூன்றரைச் சுற்றுச் சுற்றும்; இரண்டாவது 1.9. வண்டி அதே வேகத்தில் இருக்க, முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாறினால், 3000-இல் சுற்றிய இஞ்சின் 1600 பக்கம் வந்திருக்க வேண்டும். நான் கியரைப் போட்டுக் கிளட்சை விடும்போது முள் இன்னும் 2700-இல் நிற்கிறது. மிச்சமிருக்கும் அந்த ஆயிரம் சுற்றை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டுமே! வெடுக்கென்று விட்டால் வண்டி முன்னால் குதிக்கும், பின்சீட்டிலிருந்து அம்மா "பார்த்துடா" என்பார். மெல்ல விட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்து சூடாகி அந்தப் பாரத்தை ஏற்றுக்கொள்ளும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது 3000 என்பது 2000-க்கு வந்தால் போதும், அதனால் அங்கே அவ்வளவு உறுத்தாது. ஆனால் கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் மாலை ஆறரை மணிக்கு மூன்றாவது கியரை யார் பார்க்கிறார்கள்? ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று.

முதல் சர்வீஸிலேயே கேட்டேன். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்கள், எரர் கோட் எதுவுமில்லை. இஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றித் துடைத்து, அதற்கு ஒரு தொகையும் போட்டார்கள். மாற்றமில்லை. அடுத்த முறை கேட்டபோது சூப்பர்வைசர், "இப்ப வர்ற வண்டியெல்லாம் இப்படித்தானுங்க சார், ஓட்ட ஓட்டப் பழகிடும்" என்றார். எரிச்சலாக வந்தது. ஆனால் மனிதர் சொன்னது உண்மைதான். உண்மை தெரிந்தவர்கள் எதற்காகத் துடைத்தார்கள் என்பது வேறு கேள்வி.

மாருதி 800 காலத்து வண்டிகளில் ஆக்சிலேட்டரிலிருந்து இஞ்சின் வரைக்கும் ஒரு கேபிள் போகும். காலை எடுத்த உடனே ஸ்பிரிங் த்ராட்டிலை மூடிவிடும், ரேஸ் விழும். கேபிள் சிக்கினாலோ, இஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயில் எங்காவது காற்று கசிந்தாலோ ரேஸ் அப்படியே நிற்கும். அது கோளாறு, மெக்கானிக் பார்த்துச் சரிசெய்வார். இப்போது கேபிள் கிடையாது. ஆக்சிலேட்டரில் ஒரு சென்சார், த்ராட்டிலைத் திறந்து மூட ஒரு மோட்டார், நடுவில் ஈசியூ என்கிற, இஞ்சினை ஆளும் குட்டிக் கம்ப்யூட்டர். நான் காலை எடுத்த சேதி அங்கே போகும். எப்போது மூடுவது, எவ்வளவு வேகமாக மூடுவது என்பதையெல்லாம் ஈசியூ பார்த்துக்கொள்ளும்.

அது தாமதிப்பது புகைக்காக. த்ராட்டில் படாரென்று மூடினால் காற்று நின்றுவிடும். ஆனால் இன்டேக் சுவரில் ஏற்கெனவே படிந்திருக்கும் பெட்ரோல், உள்ளே அழுத்தம் விழுந்ததும் ஆவியாகி இஞ்சினுக்குள் இழுக்கப்படும். எரிக்கப் போதுமான காற்று இருக்காது, எரியாத ஹைட்ரோகார்பன் வெளியே போகும். சரி, பெட்ரோலை முழுசாக நிறுத்திவிடலாமே என்றால், வெறும் காற்று, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் ஆக்சிஜனை நிரப்பிவிடும். மறுபடி பெட்ரோல் விட்டதும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கொஞ்ச நேரம் அதனால் சமாளிக்க முடியாது. காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்ற கணக்கில் வந்தால்தான் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே த்ராட்டிலை நிதானமாக மூடும்படி ஈசியூவில் எழுதிவைக்கிறார்கள். இதோடு இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான ஃப்ளைவீல் சக்கரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், சுற்றினது சுற்றினபடியே இருக்கும். பிஎஸ்-4 என்ற பழைய புகை விதிப்படி வந்த வண்டிகளிலேயே இது உண்டு. 2020 ஏப்ரலில் அடுத்த விதியான பிஎஸ்-6 வந்தபோது பெட்ரோல் காருக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 60 ஆனது. 2023 ஏப்ரல் முதல் சாலையில் ஓட்டியே அளக்கும் சோதனையும் சேர்ந்துகொண்டது. இனி ரேஸ் சட்டென்று விழும் வண்டி வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

காற்று சுத்தமாக இருக்கட்டும், எனக்கு அதில் சண்டையில்லை. அதற்கான செலவில் ஒரு பங்கு என் கிளட்ச் பிளேட்டிலிருந்து போகும் என்பதை ஷோரூமில் ஒருவர் வாய்திறந்து சொல்லியிருக்கலாம்.

கழற்றிய பிளேட்டைக் கையில் கொடுத்தார்கள். ரிவெட் தலைகளும் மேற்பரப்பும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்திருந்தன, அவ்வளவு தேய்மானம். பிரஷர் பிளேட்டில் சூட்டினால் நீலம் பாய்ந்த திட்டுகள். "அரை கிளட்சிலேயே ஓட்டறீங்க போலிருக்குதுங்க சார்" என்றார் அதே சூப்பர்வைசர். தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது. பிளேட்டை ரேஸ்தான் தின்றது என்று நிரூபிக்க வழியில்லை, ஊர் நெரிசலுக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டையும் பிரித்துப் பில் போட யாராலும் முடியாது.

இதே வண்டியை என் மனைவியும் ஓட்டுகிறார். அவருக்கு இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது. 1800-லேயே அடுத்த கியருக்குப் போய்விடுவார், அதுவும் பரபரப்பில்லாமல், நியூட்ரலில் கொஞ்சம் இளைப்பாறி. ரேஸ் ஏறினால்தானே இறங்க வேண்டும்! நான் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைக் காட்டினால், "ரோட்டைப் பாருங்க" என்கிறார்.

எனக்கு உதவியது வேறொரு வழி. கிளட்சை மிதிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவது. கியரிலேயே இருப்பதால் சக்கரங்கள் இஞ்சினை இழுத்துப் பிடிக்கும், வண்டி லேசாகத் தயங்கும், அந்தத் தயக்கம் தெரிந்ததும் கிளட்ச். முக்கால்வாசி குதிப்பு இதில் போய்விடுகிறது. ஏசி ஓடும்போது கம்ப்ரசரின் சுமையால் என் வண்டியில் ரேஸ் இன்னும் சீக்கிரம் இறங்குகிறது. காலையில் குளிர்ந்த இஞ்சினோடு, ஏசி போடாமல் கிளம்பும்போதுதான் உச்சம். ஆக்சிலேட்டரில் மாட்டும் குட்டிப் பெட்டி ஒன்று விற்கிறார்கள். அது மிதிக்கும் அளவைக் கூட்டிக் காட்டுமே தவிர இதைத் தொடாது. ஈசியூவில் ரீமேப் செய்து, அதாவது உள்ளே எழுதிவைத்ததை மாற்றி எழுதி, ஒழித்துக்கட்டலாம். ஆனால் வாரண்டி போகும், புகை வரம்புக்கும் உத்தரவாதம் இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு திட்டியபிறகு இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதில் ஏறிவந்து, வளைவின் வாயில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டும். கியர் இறங்கும்போது இஞ்சின் முன்னைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். ரேஸ் விழுந்துவிட்டால் கிளட்சை விட்டதும் வண்டி தலையைக் குனிந்து முட்டும். அதைத் தவிர்க்க, கிளட்சை மிதித்த நிலையில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுவார்கள். என் வண்டியில் தட்டவே வேண்டியதில்லை. காலை எடுத்தும் ரேஸ் அங்கேயே நிற்கிறதே! ஏற்றத்தில் வண்டியின் வேகமும் அதற்குள் விழுந்துவிடுவதால், கிளட்சை விட்டதும் இரண்டாவது வெண்ணெய்யாகப் பொருந்துகிறது. ஒரு முறை மாமனார் முன்சீட்டில் தூங்கிக்கொண்டே ஏறிவந்தார், எந்த வளைவிலும் தலை ஆடவில்லை. ஊருக்குள் என்னைப் படுத்துகிற அதே குணம் மலையில் என்னைப் பெரிய டிரைவராகக் காட்டுகிறது.

மற்றபடி வண்டி ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. ஹைவேயில் லிட்டருக்கு 18 தருகிறது. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். விற்கிற எண்ணமும் எனக்கு இல்லை.

மச்சினனுக்குச் சொன்ன பதில்: வாங்காதே. ஏன் என்று கேட்டான். பில்லை வாட்ஸப்பில் அனுப்பினேன். அவன் சிரித்துவிட்டு, சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ் போகிறேன் என்றான். சரி, போவதென்று முடிவானபின் என்ன செய்ய. பைபாஸுக்குக் கூட்டிப்போனால் போகாதே, ஊருக்குள்ளேயே சிக்னல் சிக்னலாக ஓட்டிப் பார் என்றேன். காலையில் முதல் ஆளாகப் போய், முதல் கியரில் 3000 வரை இழுத்து, ஏசியை அணைத்துவிட்டு இரண்டாவதுக்கு மாற்று. "ஏசி போட்டுக்கலாமே சார்" என்பார்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, போடாதே.