மதுரையிலிருந்து கிண்டிக்கு: தோழியைப் பார்க்கப் போகும் வார இறுதிக்கு எந்த வழி நல்லது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மதுரையில் வேலை முடிகிறது. திங்கட்கிழமை காலையில் திரும்ப அலுவலகத்தில் இருக்க வேண்டும். நடுவில் சென்னை போய், கிண்டி பொறியியல் கல்லூரியில் மேற்படிப்பு படிக்கும் தோழியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அதனால் எந்த ஏற்பாட்டையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: தூக்கக் கலக்கம் இல்லாமல் அவளோடு எவ்வளவு நேரம் இருக்க முடியும்? கட்டணம், சௌகரியம் எல்லாம் அப்புறம்.

போவதற்கு

பகலில் போக வைகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 1977-இலிருந்து ஓடும் வண்டி, மதுரைக்காரர்களுக்குச் செல்லம். காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பி, மதியம் இரண்டு மணி தாண்டி எழும்பூரில் விடும். ஜன்னலோரம் கிடைத்தால் அருமையான பயணம். ஆனால் சனிக்கிழமை வைகையில் போனால் அந்த நாளில் பாதி ரயிலிலேயே கழிந்துவிடும். 2019-இல் வந்த தேஜஸ் பிற்பகல் மூன்று மணி வாக்கில் மதுரையில் கிளம்பி இரவு ஒன்பது மணியை ஒட்டி எழும்பூர் சேரும். ஏசி நாற்காலிப் பெட்டி, கட்டணமும் கூடுதல். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு கிடைப்பவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம். பிரச்சினை என்னவென்றால், அந்த நேரத்துக்கு மேல் பெண்கள் விடுதிக்குள் விருந்தினராக நுழைய முடியாது. அன்று இரவு வேறெங்காவது தங்கித்தான் ஆக வேண்டும்.

ஆக, நிஜமான போட்டி இரவு ரயிலுக்கும் இரவு பஸ்ஸுக்கும்தான்.

ஆம்னி பஸ்ஸுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: கடைசி நேரத்தில்கூட இடம் கிடைக்கும். ஒற்றைப் படுக்கை உள்ள ஸ்லீப்பரில் திரையை இழுத்துவிட்டால் தனியாகப் போகும் பெண்ணுக்கு நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் தீபாவளி, பொங்கலை ஒட்டிய வார இறுதிகளில் ஆம்னி கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அப்போது அரசு விரைவுப் பேருந்துதான் கைகொடுக்கும். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. தெற்கிலிருந்து வரும் பஸ்கள் அங்கேயே இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து கிண்டி இருபது கிலோமீட்டருக்கு மேல். மூட்டை முடிச்சோடு மாநகரப் பேருந்து மாறி, ஜிஎஸ்டி சாலை நெரிசலையும் தாண்டி வருவதற்குள் காலை வெயில் ஏறிவிடும். பஸ்ஸில் எனக்குச் சரியாகத் தூக்கமும் வராது. அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் பேசிக்கொண்டிருக்க, என் கண் தானாகச் சொருகும்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பதரை வாக்கில் மதுரையில் கிளம்பும். படுத்தால் விழிக்கும்போது செங்கல்பட்டு. முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் எழும்பூர் வரை போய்விடுகிறார்கள். கிண்டி, அடையாறு, சைதாப்பேட்டை பக்கம் போகிறவர்கள் தாம்பரத்தில் இறங்குங்கள். நாலரை மணி சுமாருக்கு வந்துவிடும். அந்நேரத்துக்கே கடற்கரை மார்க்கத்தில் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கியிருக்கும். பத்து ரூபாய்கூட ஆகாமல் கிண்டி. பெண்கள் பெட்டி தனியாக இருக்கிறது. இருட்டில் கிண்டியில் இறங்கத் தயக்கமாக இருந்தால் தாம்பரம் பெண்கள் காத்திருப்பு அறையில் முகம் கழுவி, விடிந்ததும் கிளம்பலாம். நான் அப்படித்தான் செய்வேன். கிண்டி ஸ்டேஷனிலிருந்து சர்தார் படேல் சாலை வழியாகப் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் கல்லூரி வாசல். காலை டிபனுக்கு அவளோடு உட்கார்ந்துவிடலாம்.

போவதற்கு என் ஓட்டு பாண்டியனுக்கே. ஒரே சிக்கல் டிக்கெட். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திடீரென்று கிளம்பினால் தட்கல்தான் வழி. வெள்ளி இரவு வண்டிக்கு வியாழக்கிழமை காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர்.

தங்குவதற்கு

இதுதான் பயணத்தையே தீர்மானிக்கும் விஷயம், ஆனால் எல்லோரும் கடைசியில் யோசிப்பது.

விடுதியில் அவள் அறையிலேயே தங்க முடிந்தால் அதற்கு ஈடு இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கை அணைத்த பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பிக்கும். வேலை கிடைக்குமா என்ற பயம், வீட்டில் சொல்லாத சங்கதி எல்லாம் அப்போதுதான் வெளிவரும். ஆனால் விருந்தினரை இரவு தங்கவிடுவது விடுதிக்கு விடுதி மாறும். சில இடங்களில் வார்டனிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், சில இடங்களில் அறவே கிடையாது. திருட்டுத்தனமாக உள்ளே போகவே போகாதீர்கள். மாட்டினால் நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், விசாரணைக்குப் போய் நிற்பது அவள்.

சொந்தக்காரர் வீடு அடுத்தது. குரோம்பேட்டையில் சித்தி வீடு இருக்கிறது. பாசம், சாப்பாடு, பாதுகாப்பு எதற்கும் குறையில்லை. ஆனால் சித்தி வீட்டுக்குப் போனால் சித்தியோடு உட்கார வேண்டும், அதுதான் முறை. இரவு எட்டு மணிக்கு "எங்கம்மா இருக்கே, இன்னும் வரலையே" என்று போன் வரும். சித்தியைப் பார்க்கத் தனியாக ஒருமுறை போவது அவருக்கும் மரியாதை.

எழும்பூர் கென்னட் லேனில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. ஸ்டேஷனுக்கு எதிரிலேயே, சரிதான். ஆனால் அங்கே தங்கிக்கொண்டு கிண்டிக்கு நடையாய் நடப்பதில் அர்த்தமில்லை. அதைவிட, இருவரும் பணம் போட்டு அடையாறு அல்லது வேளச்சேரிப் பக்கம் ஒரு நல்ல அறை எடுப்பது மேல். விடுதியில் அனுமதி இல்லையென்றால் என் தேர்வு இதுதான். அவள் வெளியில் தங்குவதாக விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமைக்கு

மாமல்லபுரம் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். அழகான இடம்தான், ஆனால் நாள் முழுக்கப் போய்விடும். மெரினாவைவிட பெசன்ட் நகர் கடற்கரை பக்கம், மாலையில் உட்கார்ந்து பேச இடமும் இருக்கும். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் கல்லூரிக்கு அருகிலேயே இருக்கிறது. வெயில் நேரத்துக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஜனவரியில் போகிறீர்களானால் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காகவே தேதியை மாற்றலாம்.

ஆனால் அவளுக்கு திங்கட்கிழமை ரெக்கார்டு நோட்டு ஒப்படைக்க வேண்டியிருந்தால் ஊர் சுற்றலை விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்து கொடுங்கள்.

திரும்புவதற்கு

ஞாயிறு மதியம் வைகையில் ஏறினால் இரவு ஒன்பது மணி தாண்டி மதுரை. சொந்தப் படுக்கையில் தூங்கலாம், திங்கள் தெம்பாக இருக்கும். இரவு பாண்டியனில் வந்தால் விடியற்காலை மதுரை, குளித்துவிட்டு நேராக வேலைக்கு. ஞாயிறு மாலை முழுவதும் கையில் கிடைக்கிறதே, அதற்காகத் திங்கட்கிழமைச் சோர்வை நான் தாங்கிக்கொள்வேன். ஞாயிறு இரவு வண்டியில் தெற்கே போகிற கூட்டம் வெள்ளிக்கிழமைக்குச் சற்றும் குறையாது. போகும் டிக்கெட்டுக்கு முன்னால் திரும்பும் டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை ரயில் கிடைக்காவிட்டால் பஸ்ஸிலாவது போய்ச் சேர்ந்துவிடலாம். திங்கட்கிழமை காலையில் கிளாம்பாக்கத்துப் பஸ் எங்காவது நின்றுவிட்டால் அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.