டிசம்பர் விடுமுறை முகாம்: கூடாரம் சரி, கடைசி இரவு சரியில்லை

பள்ளி மூடியதும் என் மகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்தில் ஒரு முகாமுக்கு அனுப்பினோம். ஐந்து இரவு, ஆளுக்கு 3,200 ராண்ட், டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். குறையும் எழுதப்போவதால் முகாமின் பெயரைச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வயது 14. தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாது. அதனால் மலையேற்றம், படகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் இரண்டைத்தான் போனில் கேட்டோம்: பிள்ளை எங்கே தூங்கும், எங்கே குளிக்கும்? எடுத்தவர் தடுமாறவில்லை. ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கூடாரங்கள், இரண்டிலும் சேர விரும்பாதவர்களுக்குப் பொறுப்பாளர் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கூடாரம், கூடத் தங்குகிற பிள்ளையின் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். போட்டேன், என் மகள் கூடத் தங்கினாள்.

குளியலறைகள் தனித்தனி அறைகள், யார் வேண்டுமானாலும் போகலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை. பிள்ளை துண்டைக் கதவிடுக்கில் செருகிவைத்துக் குளிக்க, என் மகள் வெளியே ஐந்து நாளும் காவல் நின்றிருக்கிறாள். பால், பாலினம், பாலியல் நாட்டம் எதைக் காட்டியும் பாகுபாடு கூடாது என்று 1996 அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிற நாடு இது. ஒரு தாழ்ப்பாள் போட ஆளில்லை.

வேலைப் பங்கீடு எனக்கு ரொம்பப் பிடித்தது. அட்டையில் செய்த ஒரு சக்கரம், தினமும் சுழற்றுவார்களாம், முள் நிற்கிற வேலையை அந்தக் குழு செய்ய வேண்டும். அடிப்பிடித்த சாம்ப் (உடைத்த மக்காச்சோளம்) பானையை நான்கு பையன்கள் மணல் போட்டுத் தேய்த்த படத்தை மகள் காட்டினாள். வீட்டில் தட்டைக்கூட நகர்த்தாத முகங்கள். எல்லாக் குளியலறையிலும் கூடையில் நாப்கின் இருந்தது, யாரிடமும் கேட்க வேண்டாம். முதல் நாள் பையன்கள் சிரித்தார்களாம். மூன்றாம் நாள் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் வர, அவனே ஓடிப்போய் அதில் ஒன்றை எடுத்திருக்கிறான். அதற்கப்புறம் சிரிப்பில்லை. சாப்பாட்டில் காரம் கிடையாது, ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள்.

பொறுப்பாளர்களில் பாதிப்பேர் ஜுலு பேசுபவர்கள். ஜுலுவில் அவன், அவள் என்ற பிரிவே இல்லை, அதனால் அவர்கள் வாயில் பிள்ளை ஒரு தடவையும் இடறவில்லை. நம் தமிழில் வந்தான், வந்தாள் என்று வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் திருச்சியில் இருக்கிற என் அம்மா போனில் "அந்தப் பிள்ளை சாப்பிட்டுச்சா, பத்திரமா வந்துச்சா" என்றுதான் கேட்டார். அம்மாவுக்கு நான் எதுவும் விளக்கவில்லை.

இத்தனையும் செய்தவர்கள் கடைசி இரவில் கோட்டைவிட்டார்கள். தீ மூட்டி ஆட்டம். நடத்த வெளியிலிருந்து வந்தவர் ஒலிபெருக்கியில், ஆண்பிள்ளைகள் இந்தப் பக்கம், பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் என்று கூவ, எண்பது பேர் நொடியில் பிரிந்து ஓட, இந்தப் பிள்ளை மட்டும் தீக்குப் பக்கத்தில் நடுவில் நின்றிருக்கிறது. செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டதாம். என் மகள் வரிசையை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தன் செருப்பையும் கழற்றி மாட்டினாள். சக்கரம் சுழற்றிய பொறுப்பாளர்கள் ஒருவரும் அந்த ஆளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். இரண்டே நாளில் பதில் வந்தது: ஆட்டத்துக்கு இனி சட்டை நிறம் பார்த்துப் பிரிப்பார்களாம். தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்த டிசம்பருக்கும் போக வேண்டும் என்று இரண்டும் ஒற்றைக்காலில் நிற்கின்றன, பணம் கட்டியாயிற்று. ஊறுகாய் பாட்டிலோடு ஒரு தாழ்ப்பாளும் நான்கு திருகாணியும் பையில் போகும்.