ஃபோன் பிரசங்கமா, லயத்து வேதபாடமா?

இலங்கையின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பலர் கேட்கிறார்கள்: யூடியூபில் நல்ல பிரசங்கம் வரும்போது, லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) நடக்கும் புதன்கிழமை வேதபாடத்துக்கும் போகத்தான் வேண்டுமா? நான் இரண்டையும் கேட்பவன்.

செலவு
வீடியோ: டேட்டா காசு.
வேதபாடம்: ஒரு பிளேன்டீ.

நேரம்
வீடியோ: கொழுந்தை எடை போட்டு வந்த பிறகு எப்போதும் கேட்கலாம்.
வேதபாடம்: வாரத்தில் ஒரு நாள்தான். மழை அடித்தால் அதுவும் இல்லை.

சரிபார்ப்பது
இதில்தான் பெரிய வித்தியாசம். போன மாதம் ஒரு வீடியோவில் எரேமியா 29:11-ஐ (நல்ல எதிர்காலம் தருவேன் என்று கடவுள் சொல்லும் வசனம்) வாசித்து, இந்த மாதமே கடன் தீரும் என்றார் ஒருவர். கீழே காணிக்கைக்கு வங்கிக் கணக்கு எண். பக்கத்து வீட்டு அக்கா சீட்டுப் பணத்தை அனுப்பத் தயாராகிவிட்டார். வேதபாடத்தில் அதே இடத்தைத் திறந்தோம். ஒரு வசனம் மேலே, பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகு என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போன ஜனத்துக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அக்கா கண்ணாடியைப் போட்டு, விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தார். பணம் பெட்டியிலேயே இருக்கிறது.

வேதபாடத்திலும் தப்பு வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேதபாடம் நடத்தும் நம் ஐயாவை மறுநாள் ரோட்டில் நிறுத்திக் கேட்கலாம். அப்போஸ்தலன் பவுல் சொன்னதையே பெரோயா ஊரார் தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களே (அப்போஸ்தலர் 17:11).

நோயாளியோடு வீட்டில் இருப்பவர்கள், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வீடியோ கேளுங்கள். வேதாகமம் மடியில் திறந்திருக்கட்டும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களும் கடனில் தவிப்பவர்களும் முதலில் புதன்கிழமை வாருங்கள்.