சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நீச்சல் குளம் வைத்திருப்போர் கவனத்துக்கு: குளோரின் மாத்திரைக்காரர்

செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறோம். சின்னக் குளம் ஒன்று உண்டு. அதை மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொண்டவர், தண்ணீர் பச்சையாகும் போதெல்லாம் "மழை பேயுதுலக்கா, பாசி புடிக்கத்தான் செய்யும்" என்று பாசிக்கொல்லி ஒரு கேன் தலையில் கட்டுவார். கொஞ்சம் தெளியும், மறுபடி பச்சை. தீபாவளி விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கண் சிவந்து அழுதபடி கரையேற, வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம்.

அன்றும் குப்பியில் தண்ணீர் பிடித்து, சொட்டு விட்டு, மஞ்சள் நிறத்தைக் காட்டி "குளோரின் நல்லா இருக்கு" என்றார். அந்த மஞ்சள் சோதனை மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வலுவிழந்த குளோரினும் அதில் அடக்கம். கண் எரிச்சலும் மூக்கைத் துளைக்கும் வாடையும் பெரும்பாலும் அதனால்தான். கிருமி கொல்ல எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க, இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி சோதனை வேண்டும்.

ஈப்போவிலிருந்து வந்த வேறொருவர் முதலில் பார்த்தது, குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலத்தை. 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) போதும். எங்கள் தண்ணீரைச் சோதனை மருந்தோடு கலந்து ஊற்றியபோது, குழாயின் 100 கோட்டை எட்டுமுன்பே அடியிலுள்ள கறுப்புப் புள்ளி மறைந்துவிட்டது. அமிலம் கூடினால் கலங்கலும் கூடும், அப்படியென்றால் 100 பிபிஎம்முக்கும் மேல்.

காரணம், பழையவர் ஸ்கிம்மர் கூடையில் (மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் கூடை) ஓயாமல் போட்ட ட்ரைகுளோர் மாத்திரை. 10 பிபிஎம் குளோரின் தந்தால் கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்க்கும். குளோரின் செலவாகிவிடும், அமிலம் அப்படியே தங்கும். வெயிலிலிருந்து காக்க வேண்டிய அதுவே அளவு மீறினால் குளோரினையே கட்டிப்போட்டுவிடும். தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச்சும் 7.2-க்குக் கீழே கிடந்தது, அதுவும் இந்த மாத்திரையின் வேலை.

இதற்குத் தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி. அதில் விற்க மருந்து ஏதும் இல்லையே, பழையவர் எப்படி வாய் திறப்பார்? போன் போட்டுக் கேட்டால், "அதெல்லாம் பெரிய ஹோட்டல் குளத்துக்குக்கா" என்கிறார். இத்தனை வருடம் இதே தொழிலில் இருப்பவர்! (மழைக்காலத்தில் குளத்தை முழுதாகக் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் ஃபைபர் தொட்டியையே மேலே தூக்கிவிடும்.)

எனக்கு இன்னும் ஆறாதது, ஸ்டோர் ரூமில் அவர் விட்டுப்போன வாளிகள். எதிலும் பெயர்ச்சீட்டு இல்லை. ஒன்றில் ட்ரைகுளோர், பக்கத்து வாளியில் இன்னொரு வகைக் குளோரின் மருந்தான கால்சியம் ஹைப்போகுளோரைட், இரண்டுக்கும் ஒரே கரண்டி. இவை கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் இடம் அது.

இப்போது கோலக்கங்சார் பக்கம் ஹோம்ஸ்டேகளுக்குப் போகிறாராம். ரசீதில் வெறும் "பூல் மருந்து" என்று எழுதுகிற ஆள் வந்தால், மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் கேட்டைத் திறக்காதீர்கள்.