வீல்சேரில் இருப்பவளிடம் குழந்தை பற்றிப் பேசிய டாக்டர்: டர்பன் அனுபவம்

கார் விபத்தில் முதுகுத்தண்டில் டி5 என்ற இடத்தில் (நெஞ்சு உயரத்தில் இருக்கும் எலும்பு) அடிபட்டு ஆறு வருடமாகிறது. நெஞ்சுக்குக் கீழே உணர்வு கிடையாது. போன வருடம் கல்யாணம் ஆனது. குழந்தை பெற முடியுமா என்று கேட்க, தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனில் இரண்டு டாக்டர்களிடம் போனோம். என்னைப் போன்ற பெண்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன், பெயர்கள் போடவில்லை.

முதல் டாக்டர் என் கணவரைப் பார்த்து, "இவங்களுக்குப் பீரியட்ஸ் வருதா?" என்று கேட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்! விபத்துக்கப்புறம் நாலு மாதம் நின்றது, பிறகு ஒழுங்காக வருகிறது என்று நானே சொன்னேன். ரொம்ப ரிஸ்க், தத்தெடுப்பதை யோசியுங்கள் என்றார், அதையும் அவரிடம்தான். பத்தே நிமிடம். விபத்துக்குப் பிறகு இருந்த மறுவாழ்வு மையத்திலும் கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் குழாய்), படுக்கைப்புண், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எல்லாம் சொல்லித் தந்தார்களே தவிர, குழந்தை என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. "டாக்டரே சொல்லிட்டாரு, விடும்மா" என்றார் மாமியார்.

என் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் இரண்டாவது டாக்டரிடம் போனோம். இவர் மகப்பேறு மருத்துவர். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். "குழந்தை பத்தி இதுக்கு முன்னாடி யாராவது உங்ககிட்ட பேசியிருக்காங்களா?" இதுதான் முதல் கேள்வி. அழுதுவிட்டேன்.

அப்புறம் ஐம்பது நிமிடம் பேசினார். கருமுட்டை வளர்வதும் வெளிவருவதும் ஹார்மோன் வேலை, அதற்குத் தண்டுவடம் தேவையில்லை. அடிபட்டதும் மாதவிடாய் சில மாதம் நின்று திரும்புவது சகஜம். கவனம் வேண்டியது கர்ப்ப காலத்தில்தான் என்றார்: சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தக்கட்டி, எடை கூடக் கூட படுக்கைப்புண். டி6 எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு (என் டி5 அதற்கு மேலேதான்), உணர்வில்லாத பகுதியில் ஏதாவது உறுத்தினால், நிரம்பிய சிறுநீர்ப்பையோ பிரசவ வலியோ, ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும், மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி வரும். என் சாதாரண பிபி 95/60. பிரசவ அறையில் 130 என்று காட்டினால் நர்ஸ் நார்மல் என்று போய்விடுவார், எனக்கு அது ஏற்கனவே ஆபத்து. அதை ஒரு அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். பிரசவத்தின்போது முதுகில் எபிடூரல் என்ற மரத்துப்போகும் ஊசியை சீக்கிரமே போட்டால் இந்த ஏற்றத்தைப் பெரும்பாலும் தடுக்கலாமாம். வீல்சேர் என்பதற்காகவே சிசேரியன் செய்யத் தேவையில்லை என்று அவர் சொன்னது எனக்குப் புதுசு. சிறுநீர்ப்பை மாத்திரையையும், தசை இறுக்கத்துக்கு நான் சாப்பிடும் பாக்லோஃபெனையும் குழந்தைக்கான முயற்சி தொடங்கும் முன்பே பார்த்து மாற்றலாம், ஆனால் பாக்லோஃபெனை நீங்களாக சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

என் சித்தி மகளுக்குப் பிறவியிலேயே ஸ்பைனா பிஃபிடா (கருவிலேயே முதுகுத்தண்டு சரியாக மூடாத குறை), அவளுக்காகவும் கேட்டேன். நாம் கஞ்சி காய்ச்சும் மக்காச்சோள மாவிலும் ரொட்டி மாவிலும் 2003 முதல் இந்த நாட்டில், குழந்தைக்கு இந்தக் குறை வராமல் தடுக்க உதவும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினைச் சேர்க்கிறார்கள், ஆனால் அவளுக்கு அது போதாது, கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 5 மி.கி. அளவில் டாக்டர் சீட்டில் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்றார்.

குறைகளும் உண்டு. அப்பாயின்ட்மென்ட் கிடைக்க ஏழு வாரமானது. பரிசோதனைக் கட்டில் தாழ இறங்குகிறது, சரி, ஆனால் கழிப்பறைக்குள் போனால் வீல்சேரைத் திருப்ப இடமில்லை. மெடிக்கல் எய்ட் (இங்குள்ள மருத்துவக் காப்பீடு) பாதிப் பணம்தான் கொடுத்தது. புக் செய்யும்போதே வீல்சேர் என்று சொல்லி நீண்ட நேரம் கேளுங்கள், இல்லாவிட்டால் பதினைந்து நிமிடம்தான் ஒதுக்குவார்கள்.

நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். சிவப்பு எழுத்து அட்டை என் பர்ஸிலேயே இருக்கிறது. அடுத்த முறை மாமியாரும் வருகிறார், கேட்க வேண்டியதை எல்லாம் இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டார்.