ஒரு ‘வீ’ பட்டன் தேய்ந்த கதை

போன கிழமை லெப்டொப்புக்குக் கீபோர்ட் மாற்றினேன். 6,500 ரூபாய். மற்ற எழுத்தெல்லாம் நல்லாத்தான் வேலை செய்தது, ஆங்கில ‘வீ’ (V) ஒன்றுதான் செத்துப்போனது. மட்டக்களப்பு டவுனில் திருத்தின பொடியன் கழற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இந்த ஒண்டோட மட்டும் உங்களுக்கு என்ன கோவம்?” என்று கேட்டான்.

கோவமில்லை, பிழைப்பு. களுவாஞ்சிக்குடியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறவனுக்கு அந்தப் பட்டனில் எவ்வளவு வேலை தெரியுமா? பழைய அடையாள அட்டை இலக்கம் 9 எண்ணுக்குப் பிறகு பெரும்பாலும் ‘வீ’யில்தான் முடியும். 2016இல் வந்த 12 இலக்க அட்டையில் எழுத்தே இல்லை. ஆனால் என் கடை வாசலில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் பழைய அட்டைக்காரர். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘எ’ இருப்பதும் அதே பட்டனில்தான். ‘எனது’ என்று தொடங்காத விண்ணப்பக் கடிதம் எங்கே இருக்கிறது?

இதெல்லாம் போதாதென்று, 2019இல் இருந்து விண்டோஸ் பட்டனோடு ‘வீ’யைச் சேர்த்து அழுத்தும் பழக்கம் வேறு.

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் கூட்டாளி ஒருவன் “ஷோர்ட்கட் ஏதாவது சொல்லு மச்சான்” என்று கேட்டபடியால்தான் இதை எழுதுகிறேன். மூடின டேப்பைத் திரும்ப எடுக்கக் கண்ட்ரோல், ஷிப்ட், டீ (T). திரையில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்க விண்டோஸ், ஷிப்ட், எஸ். சேவ் பண்ணுகிற கண்ட்ரோல் எஸ்ஸைப் பற்றி 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டப்பட்ட நாட்டில் யாருக்கும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. விசயம் இந்த ‘வீ’தான்.

சாதாரணமாகக் கொப்பி பண்ணினால் கடைசியாக எடுத்தது மட்டும்தான் நிற்கும். விண்டோஸ் 10இல் 2018 ஒக்டோபர் அப்டேட்டோடு வந்த ‘கிளிப்போர்ட் ஹிஸ்டரி’ என்ற இந்த வசதியில், விண்டோஸையும் ‘வீ’யையும் சேர்த்து அழுத்தினால், கடைசியாக எடுத்த 25 துண்டுகள் வரிசையாகத் தெரியும். முதல் தரம் அழுத்தும்போது ‘ஒன்’ பண்ணச் சொல்லிக் கேட்கும், அவ்வளவுதான். ஒன்லைன் போம் நிரப்புகிறவனுக்கு இது வரம். பெயர், விலாசம், அடையாள அட்டை, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் கொப்பி பண்ணிவிட்டுப் பெட்டி பெட்டியாக ஒட்டிக்கொண்டு போகலாம். முன்பு ஒரு போமுக்கு வேர்டுக்கும் பிரௌசருக்கும் இடையில் நூறு தரம் ஓடுவேன். அடிக்கடி தேவைப்படும் வசனத்துக்குப் பின் குத்தி வைத்தால் மெசினை ரீஸ்டார்ட் பண்ணினாலும் அழியாது. பின் குத்தாதது போய்விடும். கரண்ட் போன நாட்களில் அப்படிப் போனதுக்கெல்லாம் நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

பாமினியில் அடித்ததைக் கொப்பி பண்ணினால் அந்தப் பட்டியலில் தமிழ் தெரியாது, ஆங்கிலக் குப்பைதான் தெரியும். ‘தமிழ்’ என்பது ஜே, கே, பீ, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஆரம்பத்தில் எது எந்தக் கடிதம் என்று தெரியாமல் மாறி மாறி ஒட்டினேன். இப்போது ‘வீ டீ ஜே’ (vdJ) என்று கண்டாலே ‘எனது’ என்று வாசித்துவிடுகிறேன். இதைத் திறமை என்று சொல்வதா, தலையெழுத்து என்று சொல்வதா?

பட்டன் செத்த அன்றைக்கு நடந்ததுதான் பகிடி. ‘வீ’ என்ற எழுத்தையே கொப்பி பண்ணிப் பின் குத்தி வைத்திருந்தேன், அவசரத்துக்கு உதவும் என்று. அந்தப் பட்டியலைத் திறக்கவும் ‘வீ’ வேண்டுமே! பிறகு ஷிப்ட்டையும் இன்சேர்ட்டையும் சேர்த்து அழுத்தினால் ஒட்டலாம் என்ற பழைய வழி ஞாபகம் வந்தது. விண்டோஸ், கண்ட்ரோல், ஓ அழுத்தித் திரையில் கீபோர்டைக் கொண்டுவந்து, எழுத்தை மவுசால் குத்திக் குத்தி 2 நாள் ஓட்டினேன்.

இவ்வளவும் புகழ்ந்தாயிற்று. இனி, போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். கடையில் ஆட்களுக்கு விடுகிற மற்ற மெசினில் ஒரு பிள்ளை தன் விண்ணப்பத்தை அடித்துக்கொண்டிருந்தது. கை தவறி எதையோ அழுத்த, அந்தப் பட்டியல் விரிந்தது. அதற்கு முதல் இருந்த ஆளின் பெயர், அட்டை இலக்கம், போன் நம்பர், ஒரு பாஸ்வேர்ட் எல்லாம் வெளிச்சமாகக் கிடந்தன. பிள்ளை நல்ல பிள்ளை. “மாமா, இது ஆர்ட?” என்று கேட்டது. பக்கத்தில் நின்ற அதன் அம்மம்மா, “அப்ப நம்மட நம்பரும் இப்படித்தான் கிடக்குமா மனே?” என்றா. எனக்கு வாய் அடைத்துப்போனது. ஒவ்வொரு ஆளும் எழும்பிப் போன பிறகு எல்லாவற்றையும் அழிக்க ஒரு பட்டன் இருக்கிறது. கடை நிறையச் சனம் நிற்கும்போது யார் ஞாபகம் வைத்து அழுத்துவது? அன்றைக்கே செட்டிங்ஸில் போய் அந்த மெசினில் நிறுத்திவிட்டேன்.

ஆகவே மச்சான், உன் பள்ளிக்கூட ஒஃபிஸ் மெசினில் 5 பேர் இருந்து எழும்புகிறார்கள் என்றால் இதை ஒன் பண்ணாதே. கேட்டதுக்குப் பதில் இதுதான். 6 வருசமாக நான் இதைவிட நல்ல சாமானைக் கண்டதில்லை என்பதும் உண்மைதான், ஆனாலும் பண்ணாதே.

என்னுடைய லெப்டொப்பில் ஓடுகிறது. இதை எழுதி முடிப்பதற்குள் 4 தரம் அழுத்திவிட்டேன். புது ‘வீ’ கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கிறது.