ஐபிஏவா, கோதுமை பியரா?

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரு மைக்ரோபுருவரிகளில் (அங்கேயே பியர் காய்ச்சி ஊற்றும் பார்கள்) போய் உட்காரும் நம்மூர் ஆட்கள் முழிப்பது ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற கசப்புப் பியர்), கோதுமை பியர் இந்த இரண்டுக்கு நடுவில்தான்.

மணம்: ஐபிஏவில் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தூக்கல். நாரத்தைத் தோல், பைன் பிசின், சிலதில் பழுத்த மாம்பழம்கூட. கிருஷ்ணகிரிக்காரர் மூக்குக்குச் சட்டென்று பிடிபடும். ரொம்பக் குளிர்ந்திருந்தால் மணம் அமுங்கும், கிளாஸைக் கொஞ்சம் உள்ளங்கையில் வைத்திருங்கள்.
ஜெர்மன் வகைக் கோதுமை பியரில் வாழைப்பழமும் கிராம்பும். இரண்டுமே ஈஸ்ட்டின் வேலை.

கசப்பு: ஐபிஏ 40 முதல் 70 ஐபியு (பியரின் கசப்பை அளக்கும் அலகு). பின்னால் மால்ட் (முளைகட்டிய தானியம்) இனிப்பு தாங்காமல் நாக்கு வறண்டால் அது சுமார் சரக்குதான்.
கோதுமை 8 முதல் 15.

ஆல்கஹால்: ஐபிஏ 5.5–7.5 சதவீதம், கோதுமை ஏறக்குறைய 5. எதுவானாலும் பஸ்ஸில் போங்கள்.

முதல் தடவை என்றால் கோதுமை. மிளகுக் கறியோடு என்றாலும் அதுதான், ஐபிஏ காரத்தை ஏற்றிவிடும். பாகற்காயை ரசித்துச் சாப்பிடுகிறவருக்கு ஐபிஏ.